கசடின் கணக்கு: சாம்பியன் ரீப்ஸ் தூசியும் மாறித் தேர்வின் வரலாறும்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இருப்புப்பாதையில் கடைசிக்கு முந்தைய நிலையம் சாம்பியன். கோலார் தங்கவயலின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று இந்த ஊரின் அடியில் இருந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் தொடங்கிய தொழில் 2001 பிப்ரவரி 28 அன்று நின்றபோது, தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை கல் வெட்டப்பட்டிருந்தது. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், அவர்களுள் பெரும்பகுதியினர் ஆதிதிராவிடர், நான்கைந்து தலைமுறைகளாக வெட்டிய கல் அது. அதிலிருந்து கிடைத்த தங்கம் 800 டன்னுக்குக் குறையாது என்பது பலரும் அறிந்த கணக்கு. அதே கல்லிலிருந்து எழுந்த தூசியின் கணக்கு அவ்வளவாக அறியப்படவில்லை.

அந்தத் தூசி இந்திய மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் பெற்றுள்ளது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்துதான். 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோய் காணப்பட்டது. நோய்க்குக் காரணம் கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா. துளையிடும்போதும் வெடிவைக்கும்போதும் அது நுண்துகளாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிதான துகள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கும். அதை விழுங்கும் பாதுகாப்புச் செல் அதனாலேயே மடிகிறது. மீண்டும் மீண்டும் இது நிகழ, நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகிறது. அத்தகைய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றுகிறது.

ஆகவே காற்றில் எவ்வளவு தூசி என்ற கேள்வி போதாது. அந்தத் தூசியில் குவார்ட்ஸ் எவ்வளவு என்பதே கேள்வி. பல பொருள்கள் கலந்த ஒன்றில் ஒரு பொருளை மட்டும் அளப்பது எப்படி, அதற்கு எந்த அளவுகளை நம்புவது, எவற்றை ஒதுக்குவது என்ற சிக்கலை இன்றைய வேதியளவையியல் ‘மாறித் தேர்வு’ என்று அழைக்கிறது. நிறமாலைக் கருவி தரும் ஆயிரக்கணக்கான எண்களில் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் கணிதக் கலையாகவே அது பாடநூல்களில் இடம்பெறுகிறது. சாம்பியன் ரீப்ஸிலிருந்து பார்த்தால் அதன் வரலாறு இன்னும் பழையது. அதில் உயிர்களின் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

முதலில் தங்கம் எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். தங்கவயலின் தாதுவில் தொடக்கக் காலத்தில் டன்னுக்குச் சுமார் 47 கிராம் தங்கம் இருந்தது. மூடும் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. இவ்வளவு சிறிய பங்கைத் துல்லியமாகக் காண உலகெங்கும் தங்கச் சுரங்கங்கள் கையாண்ட முறை நெருப்புச் சோதனை. பொடித்த தாதுவில் ஏறத்தாழ 30 கிராம் எடுத்து, மிருதாரசிங்கி எனப்படும் ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம், சிறிது மாவு ஆகியவற்றுடன் கலந்து மூசையில் இட்டு உருக்குவர். மாவு கரியாகி ஈய ஆக்சைடை ஈயமாக்கும். உருகிய ஈயத்துளிகள் தங்கத்தையும் வெள்ளியையும் தம்முள் வாங்கிக்கொண்டு மூசையின் அடியில் சேரும். கல்லின் எஞ்சிய பகுதி சோடாவோடும் வெண்காரத்தோடும் சேர்ந்து கண்ணாடி போன்ற கசடாக மேலே மிதக்கும். ஈயக் கட்டியைத் தனியே எடுத்து எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால், ஈயம் மீண்டும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்படும். எஞ்சும் சிறு மணியிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டால் மிஞ்சுவது தங்கம். அதை நுண்தராசில் நிறுத்துவர்.

இங்கே அளவிடும் செயல் எளிது. ஒரே ஓர் எடை. கடினமான பகுதி எல்லாம் அதற்கு முன்பே நெருப்பில் நடந்து முடிந்துவிடுகிறது. வேண்டாதவற்றை நீக்கும் வேலையை நெருப்பு செய்கிறது. நீக்கியவை கசடாக, கறை படிந்த கிண்ணமாக, அமிலக் கரைசலாகக் கண்முன் நிற்கின்றன. ஐயம் எழுந்தால் கசடைப் பொடித்து மறுபடி உருக்கி, தங்கம் அதில் தப்பியிருக்கிறதா என்று பார்க்கலாம். தேர்ந்த சோதனையாளர் அவ்வாறு பார்ப்பதும் உண்டு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் கசடில் போவது பெரும்பாலும் எது? குவார்ட்ஸும் பிற சிலிக்கேட்டுகளும்தான். பொன்னை அளக்க வந்தவருக்குக் குவார்ட்ஸ் இடையூறு. அது கசடாகித் தொலைய வேண்டும். தொழிலாளியின் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படுபவருக்குக் குவார்ட்ஸ்தான் அளக்கப்பட வேண்டிய பொருள். தங்கம் உட்பட மற்றவை இடையூறு. எது குறிப்பு, எது இரைச்சல் என்பது கல்லில் எழுதியிருப்பதில்லை. அளப்பவர் கேட்கும் கேள்வியே அதைத் தீர்மானிக்கிறது.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கமே இதற்கு இன்னொரு சான்றும் தந்தது. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, இச்சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டனர். தரைமட்டத்தில் அண்டக் கதிர்த் துகள்களின் மழையில் அத்தடம் மூழ்கிவிடும். தலைக்கு மேலிருந்த கல் அந்த மழையைத் தடுத்து நிறுத்தியது. பொன் சோதனையில் நெருப்பு செய்த வேலையை இங்கே கல்லின் கனம் செய்தது. தூசியில் குவார்ட்ஸை அளக்க முயன்றவர்களுக்கு இப்படி ஒரு துணை எளிதில் வாய்க்கவில்லை.

தூசியளவின் வரலாறு எண்ணிக்கையில் தொடங்கியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ராபர்ட் கோட்சே 1916இல் உருவாக்கிய கோனிமீட்டர் என்னும் கருவி, சிறிதளவு காற்றைப் பசை தடவிய கண்ணாடியின்மீது வேகமாக மோதவிடும். ஒட்டிய துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவர். உப்பும் கரியும் கணக்கில் வராதிருக்க, கண்ணாடியைச் சூடாக்கி அமிலத்திலும் கழுவுவர். அதன் பிறகும் குவார்ட்ஸ் துகளுக்கும் பெல்ட்ஸ்பார் துகளுக்கும் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. கருவியால் முடிந்ததை அளந்தார்கள். நுரையீரலைத் தாக்குவதை அது அளந்ததா என்பது வேறு கேள்வி. 1959இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய நுரையீரல் தூசிநோய் மாநாட்டுக்குப் பிறகு, மூச்சில் உட்புகும் நுண்தூசியை மட்டும் பிரித்து எடுப்பதற்கான வரையறை உலகளவில் நிலைபெற்றது. எண்ணிக்கையின் இடத்தை மெல்ல எடை பிடித்தது. அந்த எடையில் குவார்ட்ஸின் பங்கு என்ன என்ற கேள்வி அப்போது கூர்மையடைந்தது.

இக்கேள்வியின் விடை சட்டத்தோடு நேரடியாகப் பிணைந்தது. இந்தியச் சுரங்க ஒழுங்குமுறைகளில் இடம்பெற்ற ஒரு சூத்திரம் இது: நுண்தூசியில் தனிச்சிலிக்காவின் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டினால், 15 என்ற எண்ணை அந்த விழுக்காட்டால் வகுத்து வருவதே ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கத்தக்க தூசியின் மேல்வரம்பு, மில்லிகிராமில். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காற்றில் தூசி 1 மில்லிகிராம் என்று கொள்வோம். ஆய்வகம் குவார்ட்ஸ் 12 விழுக்காடு என்று சொன்னால் வரம்பு 1.25, சுரங்கம் சட்டத்துக்கு உட்பட்டது. அதே தூசியில் 20 விழுக்காடு என்று சொன்னால் வரம்பு 0.75, வரம்பு மீறப்பட்டுவிட்டது. தூசி மாறவில்லை, காற்று மாறவில்லை, மூச்சு விடுபவரும் மாறவில்லை. மாறியது ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சமன்பாடு மட்டுமே.

அந்தச் சமன்பாட்டை எப்படி உருவாக்குவது? பொன் சோதனையின் வழியிலேயே ஒரு முறை முயலப்பட்டது. 1951இல் டால்விட்டி என்பவர் விவரித்த முறையில், தூசியைச் சூடான பாஸ்பாரிக் அமிலத்தில் இட்டால் மற்ற சிலிக்கேட்டுகள் கரைந்துவிடும். குவார்ட்ஸ் பெரும்பாலும் கரையாமல் எஞ்சும். ஆனால் மிக நுண்ணிய குவார்ட்ஸ் துகள்களும் ஓரளவு கரைந்துபோகும். நுரையீரலுக்குள் இறங்குபவை அத்தகைய நுண்துகள்களே. அமிலம் தான் காக்க வேண்டியதையே கொஞ்சம் அரித்தது. ஆகவே எதையும் கரைக்காமல், தூசியை உள்ளபடியே வைத்து அளக்கும் வழிகள் தேடப்பட்டன. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஒன்று. அகச்சிவப்பு நிறமாலை மற்றொன்று.

அகச்சிவப்புக் கதிரை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். ஒவ்வொரு சேர்மமும் அக்கதிரில் தனக்குரிய இடங்களில் உட்கவர்கிறது என்பதை 1905இல் வில்லியம் கோப்லென்ட்ஸ் வெளியிட்ட விரிவான நிறமாலைத் தொகுப்பு நிலைநாட்டியது. குவார்ட்ஸில் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்து அதிர்வதால் அலையெண் 1080ஐ ஒட்டி வலுவான பட்டை ஒன்று தோன்றுகிறது. பட்டை வலுவானது என்பதால் அதையே அளவுகோலாகக் கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் சிலிக்கானும் ஆக்சிஜனும் எல்லாச் சிலிக்கேட்டுகளிலும் உள்ளன. தங்கவயலின் பொன்தாங்கிய குவார்ட்ஸ் படுகை ஹார்ன்பிளெண்ட் நிறைந்த ஆம்பிபோலைட் பாறைக்குள் ஓடியது. அதனோடு பெல்ட்ஸ்பாரும் உண்டு. அவையெல்லாம் அதே வட்டாரத்தில் உட்கவர்பவை. வலுவான அந்தப் பட்டை ஒரு சந்தைக்கூச்சல். அதில் குவார்ட்ஸின் குரலைத் தனியே பிரிக்க இயலாது.

எனவே ஆய்வாளர் வலுக்குறைந்த இடத்தைத் தேர்ந்தனர். அலையெண் 798, 779 ஆகிய இரண்டிலும் குவார்ட்ஸுக்கு ஓர் இரட்டைப் பட்டை உண்டு. 695இல் இன்னொரு சிறு பட்டை. படிகமற்ற சிலிக்காவுக்கு அது இல்லை என்பதால் படிகத்தை அடையாளம் காண உதவுவது. வலிமையைவிடத் தனித்தன்மை மேலானது என்பது மாறித் தேர்வின் முதற்பாடம். கணினி வருவதற்கு முன்பே தூசி ஆய்வாளர் கற்ற பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. கயோலினைட் என்னும் களிமண் கனிமம் 800ஐ ஒட்டிச் சிறிது உட்கவர்ந்து குவார்ட்ஸின் அளவை உயர்த்திக் காட்டும். இதைத் திருத்த, நிலக்கரித் தூசிக்கான அமெரிக்க முறைகள் அலையெண் 915ஐயும் சேர்த்து அளந்தன. அந்த இடத்தில் கயோலினைட் உட்கவர்கிறது, குவார்ட்ஸ் உட்கவர்வதில்லை. அங்கே கிடைக்கும் அளவிலிருந்து கயோலினைட் எவ்வளவு என்று கணித்து, 800இல் அது சேர்த்த பங்கைக் கழித்துவிடலாம். குவார்ட்ஸைப் பற்றி எதுவுமே சொல்லாத ஓர் இடம், குவார்ட்ஸை அளப்பதற்கு இன்றியமையாததாகிறது! ஒவ்வொரு அலையெண்ணும் குவார்ட்ஸோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தனித்தனியே பார்த்துத் தரவரிசைப்படுத்துபவர், 915ஐ முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார். உளவியலில் பால் ஹார்ஸ்ட் 1941இல் இத்தகைய மாறியை ‘அடக்கும் மாறி’ என்று இனங்கண்டிருந்தார். தன்னளவில் பயனற்றது, கூட்டத்தில் பிறர் பிழையை அடக்குவது.

தனித்தனியே மதிப்பிடாமல் கூட்டத்தில் வைத்து மதிப்பிடுவது எப்படி? இந்த வினாவுக்கு விடை தந்தவர்களுள் இந்தியர் முன்வரிசையில் நிற்கின்றனர். பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1936இல் வெளியிட்ட ‘தொலைவு’, பல அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும்போது இரு கூட்டங்கள் எவ்வளவு விலகியுள்ளன என்பதைக் கணிப்பது. கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராயப் புகுந்ததில் அதன் தொடக்கம் இருந்தது. இன்றைய கர்நாடகத்தின் ஹூவினஹடகலியில் 1920இல் பிறந்த சி. ஆர். ராவ், மகலனோபிஸின் நிறுவனத்தில் 1941இல் சேர்ந்தார். ஐக்கிய மாகாணத்தில் 1941இல் எடுக்கப்பட்டு 1949இல் வெளியான உடலளவு ஆய்வில் அவரும் பங்காளி. அத்தகைய ஆய்வுகளில் ஒவ்வொருவரிடமும் பற்பல அளவுகள் எடுக்கப்பட்டன. எல்லாம் வேண்டுமா? சில போதுமா? இதற்காக ராவ் வகுத்த சோதனை ‘கூடுதல் தகவல்’ சோதனை என்று பெயர் பெற்றது. ஏற்கெனவே கையிலிருக்கும் அளவுகளோடு புதிய அளவு ஒன்றைச் சேர்த்தால், அதற்குமுன் அறியாத எதையேனும் அது சொல்கிறதா என்று கேட்பது அது. ஓர் அளவின் மதிப்பு அதனுள் இல்லை, அதன் அண்டையாரோடு சேர்ந்தே உள்ளது என்பது இதன் உட்கிடை. 915இன் புதிருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை. ஒவ்வோர் அளவும் தனியே வேறுபாட்டைக் காட்ட, எல்லாம் சேர்ந்து காட்டாமற்போகும் நிலையும் உண்டு என்பதை ராவ் பின்னர் எடுத்துக்காட்டினார். அது அவர் பெயராலேயே ‘ராவின் முரண்’ என வழங்குகிறது.

வேதியியல் இந்தப் புள்ளியியலை நோக்கி வந்தது சற்றுத் தாமதமாக. அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நாரிஸ், கோதுமையின் ஈரத்தையும் புரதத்தையும் அண்மை அகச்சிவப்பு ஒளியால் அளக்க முற்பட்டார். சில அலைநீளங்களை மட்டும் தெரிந்து சமன்பாடு அமைப்பதே அக்காலத்து வழக்கம். அடுத்து வந்த உருமாற்ற அகச்சிவப்புக் கருவிகள் நிலைமையை மாற்றின. அலையெண் 4000 முதல் 400 வரை இரண்டு அலகுக்கு ஓர் எண் என்று எழுதினால், ஒரு மாதிரிக்கு 1,800 எண்கள். அளவு தெரிந்த மாதிரிகளோ பெரும்பாலும் சில பத்துகள்தான். அறியாதவை ஆயிரத்து எண்ணூறு, சமன்பாடுகள் ஐம்பது என்றால், அந்த ஐம்பதையும் பிசகின்றிப் பொருத்தும் விடைகள் எண்ணற்றவை கிடைக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஐம்பத்தொன்றாம் மாதிரியில் பொய்த்துப்போகும். மேலும் அடுத்தடுத்த அலையெண்கள் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்பவை. ஆகவே பழைய மீச்சிறு வர்க்க முறை இங்கே தள்ளாடியது.

சுவீடன் பொருளியல் அறிஞர் ஹெர்மன் வோல்ட் வளர்த்த கருத்தின் வழியே, அவர் மகன் ஸ்வாண்டே வோல்டும் நார்வேயின் ஹரால்ட் மார்ட்டென்ஸும் 1983இல் பகுதி மீச்சிறு வர்க்க முறையை வேதியளவுத்திருத்தத்துக்கு ஏற்ப அமைத்தனர். வேதியளவையியல் என்ற துறைப்பெயரே 1970களின் தொடக்கத்தில் ஸ்வாண்டே வோல்ட் இட்டது. இந்த முறை ஆயிரக்கணக்கான அலையெண்களைச் சில மறைகூறுகளாகச் சுருக்கி, அவற்றைக்கொண்டு கணிக்கிறது. முழு நிறமாலையையும் பயன்படுத்தலாம், எதையும் ஒதுக்க வேண்டாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மாறித் தேர்வின் காலம் முடிந்தது போலவே தோன்றியது.

முடியவில்லை. செய்தியில்லாத இடங்களும் மறைகூறுகளுக்குள் தம் இரைச்சலைக் கொண்டுவந்தன. 1990களில் தேர்வு புதிய உருவங்களில் திரும்பி வந்தது. இத்தாலியின் ரிக்கார்டோ லியார்டி மரபணு வழிமுறையைக் கையாண்டார். டென்மார்க் ஆய்வாளர் 2000இல் நிறமாலையைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டு நன்கு கணிக்கிறது என்று பார்த்தனர். பிரேசிலில் 2001இல், ஒன்றை ஒன்று எதிரொலிக்காத அலையெண்களை வரிசையாகத் தெரிந்தெடுக்கும் வழி வந்தது. சீனத்தில் 2009இல், வலியது வாழும் என்ற போட்டியை அலையெண்களிடையே நடத்தும் வழி வந்தது. இவற்றுள் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது 1996இல் சென்ட்னரும் உடன்பணியாற்றியோரும் முன்வைத்த முறை. உண்மையான நிறமாலையோடு, கணினி உருவாக்கிய வெற்று இரைச்சலையும் அதே எண்ணிக்கையில் சேர்த்து ஒட்டிவிடுவர். பிறகு சமன்பாட்டை மீண்டும் மீண்டும் அமைத்து, ஒவ்வொரு மாறியின் கெழுவும் எவ்வளவு நிலைத்து நிற்கிறது என்று பார்ப்பர். வெற்று இரைச்சலில் தலைசிறந்ததைக்காட்டிலும் நிலைத்து நில்லாத உண்மை அலையெண் எதுவும் நீக்கப்படும். பொய்யை வேண்டுமென்றே உள்ளே விட்டு, அதையே உரைகல்லாக்கும் உத்தி இது.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் தேவைப்பட்டது என்பதை டேவிட் ஃபிரீட்மன் 1983இல் காட்டியிருந்தார். முற்றிலும் தற்செயல் எண்களால் நிரம்பிய 100 வரிசைகள், ஐம்பது மாறிகள், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு விளைவு. முதல் சுற்றில் தளர்வான அளவுகோலைக் கொண்டு 15 மாறிகளைத் தெரிந்தார். அந்தப் பதினைந்தை மட்டும் வைத்து இரண்டாம் முறை சமன்பாடு அமைத்தபோது, ஆறு மாறிகள் வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலிலும் தேறின. ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு! முதல் சுற்று நடந்ததை மறைத்துவிட்டு இரண்டாம் சுற்றை மட்டும் காட்டினால், படிப்பவர் ஏமாறுவது உறுதி.

பொன் சோதனைக்கும் மாறித் தேர்வுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. நெருப்பு நீக்கியது கசடாகக் கையில் இருக்கிறது. ஐயமுற்றவர் அதை மறுபடி உருக்கலாம். கணினி நீக்கிய 1,700 அலையெண்களுக்குக் கசடு இல்லை. எத்தனை வழிமுறைகள் முயலப்பட்டன, எவை பொருந்தாததால் கைவிடப்பட்டன, சரிபார்ப்புக்கென ஒதுக்கிய மாதிரிகள் தேர்வின்போதே எட்டிப்பார்க்கப்பட்டனவா என்பவற்றை ஆய்வாளர் எழுதிவைத்தாலன்றிப் பிறரால் அறிய இயலாது. தேர்வுக்குப் பின் சரிபார்ப்பதும், தேர்வையே சரிபார்ப்புச் சுற்றுக்குள் அடக்குவதும் ஒன்றல்ல. முன்னது பிழையைக் குறைத்துக் காட்டும். பின்னது உள்ள பிழையைக் காட்டும். பதிப்பிக்கப்படும் தாள்களில் தேர்ந்த அலையெண்கள் பட்டியலாக அச்சாகின்றன. ஒதுக்கப்பட்டவற்றின் கதை அரிதாகவே அச்சாகிறது.

தூசிக்கு இந்தக் கதை இன்னும் கூர்மையாகப் பொருந்தும். வடிகட்டித் தாளில் படிந்த சுரங்கத் தூசியின் அகச்சிவப்பு நிறமாலையிலிருந்து பகுதி மீச்சிறு வர்க்க முறையால் சிலிக்காவை அளக்கும் ஆய்வுகளை 2014இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். தூசியை எரிக்கவோ கரைக்கவோ வேண்டாம், சுரங்க வாயிலிலேயே அளந்துவிடலாம் என்பது இத்தகைய முறைகளின் கவர்ச்சி. தொழிலாளியின் அன்றைய வேலைநேரம் முடிந்ததுமே அவர் எதைச் சுவாசித்தார் என்று சொல்ல முடிந்தால், அது பெரும் பேறு. ஆனால் ஒரு சுரங்கத்தின் மாதிரிகளில் தேர்ந்த அலையெண்கள் வேறொரு சுரங்கத்துக்கு அப்படியே பொருந்தா. கயோலினைட் மிகுந்த நிலக்கரித் தூசிக்குத் தேவைப்பட்ட திருத்தம் ஒன்று. ஹார்ன்பிளெண்டும் பெல்ட்ஸ்பாரும் மிகுந்த தங்கவயல் பாறைக்குத் தேவைப்படும் திருத்தம் வேறு. துகளின் பருமனும் குறுக்கிடும்: அதே எடையுள்ள குவார்ட்ஸ் பெருந்துகளாக இருந்தால் குறைவாக உட்கவரும். தரப்படுத்தும் மாதிரியின் துகளளவும் காற்றில் உள்ள தூசியின் துகளளவும் ஒத்திராவிட்டால், தேர்ந்தெடுத்த அலையெண் சரியாக இருந்தும் விடை தவறும். சமன்பாட்டுக்கு அறிமுகமில்லாத மாதிரி வந்திருக்கிறது என்று எச்சரிக்க 1980கள் முதல் நிறமாலையியலார் கையாளும் கருவிகளுள் ஒன்று, மகலனோபிஸின் அதே தொலைவு. மனித உடல்களை அளக்கப் பிறந்த கணக்கு, மனித நுரையீரலுக்குள் போகும் கல்லை அளப்பதற்குக் காவல் நிற்கிறது.

சாம்பியன் ரீப்ஸில் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அமைந்தது. பாறை வெடிப்புகளால் பல உயிர்களை இழந்த மண்ணில் பாறையின் அழுத்தத்தை அளக்கும் நிறுவனம் அமைந்தது பொருத்தமே. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது, ஆழத்தில் எழுந்த தூசி நின்றது. தரைமேல் இருந்தது நிற்கவில்லை. நூற்றிருபது ஆண்டு அரைத்த கல்லின் மிச்சம், ‘சயனைடு மேடுகள்’ என்று ஊரார் வழங்கும் பதின்மூன்று மணல்மலைகளாக, ஏறத்தாழ 33 மில்லியன் டன் அளவில் நகரைச் சூழ்ந்து நிற்கிறது. வேனிற்காற்றில் அதன் பொடி குடியிருப்புகளின்மீது இறங்குகிறது. பொன்னை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய கசடு அது; கணிசமான பங்கு குவார்ட்ஸ்.

அந்த மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் இன்னும் இருக்கிறது. அதை மீட்க அவற்றைத் தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சுமார் ஆயிரம் ஏக்கர் பரப்பு அது. மேடுகளைத் தோண்டும்போது அவற்றின் பொன் மறுபடி பலமுறை, பல இடங்களில், டன்னுக்கு ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை நுட்பமாகச் சோதிக்கப்படும் என்பதில் ஐயமில்லை. அதே பொடி காற்றில் எழும்போது, அதில் உள்ள குவார்ட்ஸும் அதே அக்கறையோடு அளக்கப்பட வேண்டும். அதற்கான அளவுத்திருத்தச் சமன்பாடு வேறு நாட்டு நிலக்கரித் தூசியிலிருந்து இரவல் பெற்றதாக இருத்தலாகாது. நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் உருமாறிய இந்த மேடுகளின் மாதிரிகளைக் கொண்டே அது அமைய வேண்டும். எந்த அலையெண்கள் ஏற்கப்பட்டன என்பதோடு, எவை எக்காரணத்தால் ஒதுக்கப்பட்டன என்ற பட்டியலும் அதனுடன் சேர வேண்டும். ஆந்தர்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ குடியிருக்கும் ஒருவருக்கு, தம் வீட்டுத் திண்ணையில் படிந்த தூசியைப் பற்றிச் சொல்லப்படும் விழுக்காடு எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை உண்டு. அவர் கேட்கும் நாளில், மறுபடி உருக்கிப் பார்க்க ஆய்வகத்திடம் கசடு இருக்க வேண்டும்.